கோலுக்கு ஒரு வரி போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குழல்வாய் வழியாக மருந்து நிரப்பும் பழைய துப்பாக்கிகள் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை ரசித்துப் படித்தேன். கட்டைக்கும் விசைக்கும் கரும்புகைக்கும் பத்தி பத்தியாக இடம் கொடுத்தவர், மருந்தையும் குண்டையும் உள்ளே தள்ளும் கோலை மட்டும் "அடியில் செருகியிருக்கும் குச்சியே போதும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். முப்பது வருடம் லேத்தில் நின்றவன் நான். பதினைந்து வருடமாக உரிமத்தோடு இலக்குச் சுடுகிறேன். அந்த ஒரு வரியோடுதான் எனக்குச் சண்டை.

அந்தக் குச்சி அவசரத்துக்கு ஆகும். நாள் முழுக்கச் சுடவும், பிறகு குழலைத் துடைக்கவும் தனிக்கோல் வேண்டும். என் முதல் துப்பாக்கி அரை அங்குலத் துளை. அதோடு வந்த ஹிக்கரி மரக்கோலை நானும் நம்பினேன். ஒருநாள் ஈரத் துணியோடு அடிவரை போன கோல் மொட்டையாகத் திரும்பி வந்தது. முனையிலிருந்த பித்தளைப் பூணை வெறும் பசையால் ஒட்டியிருந்தார்கள். பூணும் துணியும் குழலுக்குள் தங்கிவிட்டன. குறுக்கே துளை போட்டு ஓர் ஆணி இறக்கியிருந்தால் அது கழன்றே இருக்காது. பட்டறையில் ஐந்து நிமிட வேலை! இப்போது எந்தக் கோலை எடுத்தாலும் என் கண் முதலில் தேடுவது அந்தக் குறுக்கு ஆணியைத்தான்.

அடுத்தது மரை, அதாவது துணி பிடிக்கும் துண்டு போன்றவற்றைக் கோலில் திருகி மாட்டும் புரி. முனைகளில் 8-32, 10-32 என்று இரண்டு அளவுகள் அதிகம் புழங்குகின்றன. இரண்டிலும் அங்குலத்துக்கு 32 புரிதான், பருமன்தான் வேறு. சின்னதைப் பெரியதில் திருகினால் ஏறிவிட்ட மாதிரியே இருக்கும். இழுக்கும்போதுதான் குட்டு வெளிப்படும்.

மரக்கோல்தான் வேண்டும் என்றால் இழையோட்டத்தைப் பாருங்கள். முனைக்கு முனை நேராக ஓட வேண்டும். நடுவில் பக்கவாட்டில் இறங்கினால், முறியும்போது சாய்வாகப் பிளந்து ஈட்டியாகிவிடும். தள்ளுகிற கையும் அதே வேகத்தில் அதன்மேல் இறங்கும். என்னோடு சுடும் ஒருவர் உள்ளங்கையில் அந்தத் தழும்பு இருக்கிறது. எந்தக் கோலானாலும் குழல்வாய்க்கு ஒரு சாண் மேலே பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுவதே நல்லது. முகமும் வாய்க்கு நேரே வரக் கூடாது.

அலுமினியமும் ஃபைபர் கிளாஸும் இலேசுதான். ஆனால் மண்ணும் கசடும் அவற்றில் பதிந்தால் கோல் அரமாகிவிடும். என் ஓட்டு ஒரே துண்டாக வரும் துருப்பிடிக்காத எஃகுக்கு. எஃகு குழலைத் தேய்க்காதா என்பார்கள். தேய்க்கும், அது பக்கத்தில் உரசினால். அதற்குத்தான் குழல்வாயில் பொருத்தும் பித்தளைக் கூம்பு இருக்கிறது. கோலை நடுவிலேயே ஓட வைக்கும். குண்டு கடைசியாகத் தொட்டுப் போவது வாயைத்தான். குண்டைச் சுழலவிடக் குழலுக்குள் வெட்டிய சுழல் பள்ளங்கள் அங்கே ஒரு பக்கம் தேய்ந்துவிட்டால், அப்புறம் குறி பார்த்து என்ன பயன்?

என் அரை அங்குலத் துளைக்கு 3/8 அங்குலக் கோல் சரியாக இருக்கிறது. குழலைவிட ஒரு சாண் நீளம் கூடுதல். துடைக்கும் கோலுக்குக் கைப்பிடி தனியாகச் சுழல வேண்டும், அப்போதுதான் துணி பள்ளங்களின் போக்கிலேயே திரும்பும். கருமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் திடக் கசடாகத்தான் மிஞ்சும். அது ஈரத்தை இழுத்துக் குழலை அரித்துவிடும் என்பதால் சுட்ட அன்றே துடைத்தாக வேண்டும்.

கடைசியாக, கோலில் இரண்டு கோடுகள். வெறும் குழலில் விட்டு வாயோரம் ஒன்று. வழக்கமான மருந்தும் குண்டும் இறக்கிய பிறகு இன்னொன்று. நிரப்பும்போது இரண்டாவது கோடு வாய்க்கு மேலே நின்றால் குண்டு மருந்தின்மேல் உட்காரவில்லை, அல்லது மருந்து இரண்டு தடவை போயிருக்கிறது. குண்டுக்கும் மருந்துக்கும் இடைவெளி விட்டுச் சுட்டால் குழல் வீங்கும், வெடிக்கவும் செய்யும்.

கட்டுரையாளர் தம் தாத்தாவின் துப்பாக்கி வீட்டுச் சுவரில் தொங்குவதாக எழுதியிருந்தார். விவரம் தெரிந்த ஒருவரை அழைத்து அதற்குள் கோலை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வாயோரம் விரல் வைத்து வெளியே எடுத்து, குழலின் பக்கத்தில் வைத்து அளந்தால் போதும். அடிப்பக்கம் மருந்துக்குத் தீ போகும் நெருப்புத் துளை வரை கோல் எட்டவில்லை என்றால், இத்தனை வருடமும் அது நிரப்பியபடியே தொங்கிக்கொண்டிருக்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லேத் தொழிலாளி