நன்றி சொல்லாதே என்ற ஆயிக்கு

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டோம். நேற்று மாலை நாலரை மணிக்கு. என் மனைவி உள்ளறையில் தூங்குகிறாள், சின்னவன் அவள் காலடியில் படுத்துக்கொண்டு நகர மாட்டேன் என்கிறான், நான் சமையலறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். என்ன நடந்தது என்று திரும்ப எழுதப் போவதில்லை. இந்த 11 நாளும் வேளைக்கு ஒரு போன் போட்டுக் கேட்ட உங்களுக்கு அது தெரியும், எனக்கும் அதை இன்னொரு தரம் நினைத்துப் பார்க்கத் தெம்பில்லை. தையல் பிரித்தாயிற்று, நடக்கிறாள், ரசம் சோறு கேட்டாள். போதும்.

முதலில் மொத்தமாகச் சொல்லிவிடுகிறேன், யாரும் கோவித்துக்கொள்ள வேண்டாம். பிள்ளைகள் இரண்டு பேரையும் தங்கள் வீட்டுப் பிள்ளைகளாக வைத்துப் பார்த்துக்கொண்ட, சீனாவில் ஷாவ்ஷிங்கைச் சேர்ந்த துணிச் சந்தை ஊரான இந்தக் கெச்சியாவின் தமிழ்க் குடும்பங்கள், தூக்குவாளியில் கஞ்சி கொண்டுவந்த அக்கா, ஆஸ்பத்திரியில் கட்டச் சொன்ன முன்பணத்துக்கு நான் கேட்கும் முன்பே போனில் பணம் அனுப்பிவிட்ட நண்பர்கள், ராத்திரி இரண்டு மணிக்குக் காரை எடுத்துக்கொண்டு வந்த மில் முதலாளியம்மா, ஹாங்சோவிலிருந்து மெட்ரோ பிடித்து வந்து டாக்டரிடம் எனக்காக முக்கால் மணி நேரம் பேசிய தம்பி, "ஆர்டர் கிடக்கட்டும், நீ அவளப் பாரு" என்று சொன்ன திருப்பூர் பார்ட்டிகள். உங்களுக்கெல்லாம் எதைக் கொடுத்தும் தீராது. பேர் போட்டு எழுதினால் நீங்களே திட்டுவீர்கள், அதனால் விட்டுவிடுகிறேன்.

ஆனால் ஒருவரைப் பற்றி மட்டும் விலாவாரியாக எழுதாமல் எனக்கு இன்று தூக்கம் வராது. அவர் இதைப் படிக்கப் போவதில்லை. தமிழ் என்று ஒரு மொழி இருப்பதே எங்களைப் பார்த்துத்தான் அவருக்குத் தெரியும்.

கெச்சியாவில் ஆறு வருடமாக இருக்கிறேன். துணி மார்க்கெட்டில் என் சீன மொழியைக் கேட்பவர்கள் பரவாயில்லையே, நன்றாகப் பேசுகிறானே என்பார்கள். நானும் அதை நம்பிக்கொண்டுதான் இருந்தேன். எவ்வளவு, விலை அதிகம், மீட்டருக்கு அரை யுவான் குறை, சரக்கு எப்போது வரும், இது நேற்றுப் பார்த்த கலர் இல்லை. அவ்வளவுதான் என் மொழி என்று ஆஸ்பத்திரியில் முதல் ராத்திரிதான் உறைத்தது. அவளுக்கு வலிக்கிறது, தாகமாக இருக்கிறது, எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொல்ல என்னிடம் ஒரு வார்த்தைகூட இல்லை. மொத்தமும் பேரம்.

நர்ஸைக் கூப்பிட வேண்டியிருந்தது. பெண்களை மரியாதையாக ஷியாவ்ஜியே என்று அழைக்கலாம் என்று ஏதோ பழைய புத்தகத்தில் படித்த ஞாபகம், நாலு பேர் கேட்கும்படி அப்படியே கூப்பிட்டேன். அந்தப் பெண்ணின் முகம் சட்டென்று மாறியது. அடுத்த கட்டிலுக்குப் பக்கத்தில், துணைக்கு இருப்பவர்கள் படுக்கும் மடக்குக் கட்டிலில் உட்கார்ந்து காலுறை மாட்டிக்கொண்டிருந்த அம்மா ஒருவர் எழுந்து வந்து, என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து, "ஹு ஷி" என்றார். குழந்தைக்குச் சொல்வது மாதிரி இரண்டு தரம். ஹு ஷி என்றால் நர்ஸ். நான் சொன்ன வார்த்தைக்குச் சீனாவில் இப்போது ஒரு மோசமான அர்த்தம் ஏறிவிட்டதாம், தைவானில் சொன்னால் தப்பில்லையாம், இதெல்லாம் ஹாங்சோ தம்பி மறுநாள் சொல்லித்தான் தெரியும். அன்று தெரிந்தது அந்த இழுப்பு மட்டும்தான்.

அவருக்கு எழுபது வயது இருக்கும். கணவருக்குத் துணையாக வந்திருந்தார். நம்மைவிட ஒரு தலைமுறை மூத்த பெண்களை இங்கே ஆயி என்று அழைப்பார்கள், சின்னம்மா, அத்தை மாதிரி. மகமாயியைக் கூப்பிடுகிற அதே ஆயி என் வாயில் தானாக வந்துவிட்டது. அந்த ஒரு வார்த்தையை மட்டும் முதல் தரமே சரியாகச் சொன்னேன் என்று அவருக்கு ஒரே சந்தோஷம்.

அப்புறம் வெந்நீர். சீனாவில் எந்த நோய்க்கும் முதல் மருந்து வெந்நீர்தான், வார்டு கோடியில் கொதிநீருக்கென்றே ஒரு அறை உண்டு. எனக்கு அது தெரியாது, கடையில் பாட்டில் தண்ணீர் வாங்கி வைத்திருந்தேன். ஆயி அந்தப் பாட்டிலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஏதோ விஷத்தைத் தொட்டவர் மாதிரி கையை உதறினார். அடுத்த நாள் விடியற்காலை ஐந்தரைக்கு எங்கள் அலமாரி மேல் ஒரு சிவப்பு பிளாஸ்க் நின்றது, நிரம்பக் கொதிநீருடன். அன்று முதல் பத்து நாளும் நின்றது. வெந்நீருக்கு "ழ ஷ்வேய்" என்று சொல்லிக் கொடுத்தார். வெள்ளைக்காரர்கள் இந்த ஓசைக்குத் தலையால் தண்ணீர் குடிப்பார்கள், நமக்கோ அது கிட்டத்தட்ட ழகரம்தான். வாழைப்பழம் சொல்லிப் பழகிய நாக்கு சீனாவில் உதவும் என்று யார் கண்டார்.

தொனிதான் ஏறவில்லை. நாலு தொனி, ஒன்று தவறினாலும் வேறு பொருள். அவளுக்குச் சூப் கொடுக்கலாம் என்று டாக்டர் சொன்ன அன்று, எங்கே கிடைக்கும் என்று ஆயியிடம் கேட்டேன். "தாங்" என்று குரலை ஏற்றாமல் உயரத்திலேயே இழுத்துப் பிடித்தால் சூப், கேள்வி கேட்பது போல் ஏற்றினால் சர்க்கரை, மிட்டாய். நான் கேள்விதானே கேட்கிறேன் என்று ஏற்றிவிட்டேன். ஆயி பையைத் துழாவி ஒரு மிட்டாயை எடுத்துக் கையில் வைத்தார். நான் திருதிருவென்று விழிக்க, அவருக்குப் புரிந்துபோய், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார் பாருங்கள், கட்டிலில் கிடந்த தாத்தாவும் சிரித்தார், என் மனைவியும் சிரித்தாள். அந்த வாரத்தில் அவள் சிரித்தது அந்த ஒரு தரம்தான்.

நர்ஸிடம் எதைக் கேட்டாலும் முதலில் "மாஃபன் நி" சொல்ல வேண்டும், உனக்குத் தொந்தரவு கொடுக்கிறேன் என்று. வேலை முடிந்து போகிறவரிடம் "ஷின்கூ ல", ரொம்பக் கஷ்டப்பட்டீர்கள் என்று. இந்த இரண்டையும் ஆயி மூன்று நாள் என்னை ஒப்பிக்க வைத்தார். நாலாம் நாள் ராத்திரி ஷிஃப்ட் முடித்துக் கிளம்பிய அந்த முதல் நாள் நர்ஸிடம் ஷின்கூ ல என்றேன். அவர் நின்று திரும்பிப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனார். ஷியாவ்ஜியே கணக்கு அன்றைக்குத் தீர்ந்தது என்று வைத்துக்கொண்டேன்.

இப்போது பேரிக்காய். ஆப்பரேஷனுக்கு இரண்டு நாள் முன்பு, சாயங்காலம். நம் ஆட்களில் ஒருவர் ஒரு பை பேரிக்காய் வாங்கி வந்திருந்தார் (யார் என்று சொல்ல மாட்டேன், நல்ல மனசு). அவள் எனக்குப் பசியில்லை, பாதி போதும் என்றாள். நான் கத்தியை எடுத்துப் பழத்தின் மேல் வைத்தேன். ஆயி வந்த வேகம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. கத்தியைப் பிடுங்கி அலமாரியில் வைத்தார். ஒரு முழுப் பழத்தை எடுத்துத் துடைத்து அவள் கையில் இரண்டு கையாலும் கொடுத்தார். இன்னொரு முழுப் பழத்தை என் கையில் திணித்தார். பிறகு தன் இரண்டு ஆள்காட்டி விரலையும் ஒன்றாகச் சேர்த்து எங்களுக்குக் காட்டி, மெல்லப் பிரித்து, வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டினார்.

பேரிக்காய் லீ. அதைப் பங்கு போடுவது "ஃபென் லீ". பிரிந்து போவதும் ஃபென் லீ.

நாங்கள் இரண்டு பேரும் அதுவரை ஒருவரிடம் ஒருவர் அதைப் பேசவே இல்லை. ரெண்டு பேருக்குள்ளும் அந்தப் பயம்தான் இருந்தது, வாயைத் திறக்கவில்லை. எங்கள் மொழி ஒரு வார்த்தை தெரியாத கிழவி அதைக் கண்டுபிடித்து, பழத்தை வெட்ட விடாமல் நிறுத்தினார். அவள் அந்த முழுப் பழத்தையும் தின்றாள், அழுதுகொண்டே தின்றாள். எனக்கு இந்த நம்பிக்கைகளில் பெரிய பிடிப்பு கிடையாது. எங்கள் வார்டில் மூன்றாம் எண் கட்டிலுக்கு அடுத்தது ஐந்து, நாலு என்றால் சாவு என்ற சொல் மாதிரி ஒலிக்குமாம், அதைப் பார்த்து முதல் நாள் மனதுக்குள் சிரித்தவன் நான். அன்று சிரிக்கவில்லை.

ஒவ்வொன்றுக்கும் நான் ஷியே ஷியே, ஷியே ஷியே என்று நன்றி சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒரு கட்டத்தில் அவருக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. "ஜியென்வாய்" என்றார். அன்னியமாக நினைப்பது என்று அர்த்தமாம், நெருங்கினவர்களிடம் நன்றி நன்றி என்றால் தள்ளி நிறுத்துகிற மாதிரி. யோசித்துப் பார்த்தால் என் அம்மாவுக்கு நான் என்றைக்கு நன்றி சொன்னேன்? அதனால் வாயை மூடிக்கொண்டேன். சொல்லாமல் விட்ட அத்தனையும் சேர்ந்துதான் இந்த மடல், ஆயி, தமிழில் சொன்னால் கோபப்பட முடியாதே.

சும்மா வரவும் மனசில்லை, கிளம்பும்போது நல்லதாக ஒரு சுவர்க் கடிகாரம் வாங்கிக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். நம் ஊர்க் கிரகப்பிரவேசத்தில் நாலு கடிகாரம் வராத வீடு உண்டா? தம்பியிடம் சொன்னேன், அவன் போனிலேயே அலறினான். கடிகாரம் கொடுப்பதும் "சுங் ஜுங்", சாகக் கிடப்பவரை வழியனுப்புவதும் சுங் ஜுங். அதுவும் ஆஸ்பத்திரியில், தாத்தா கட்டிலில் கிடக்கும்போது! அந்த அலறலுக்கும் சேர்த்து அவனுக்கு நன்றி.

நேற்று லிஃப்ட் வரை வந்தார். நான் பழக்கத்தில் "ட்சாய் ஜியென்" என்றேன், மறுபடி பார்ப்போம் என்று. தோளில் ஒரு அடி விழுந்தது. ஆஸ்பத்திரியில் யாராவது அப்படிச் சொல்வார்களா? சாவு வீட்டில் போய் வருகிறேன் என்று சொல்லாத ஊரிலிருந்து வந்தவன், எனக்கே தெரிந்திருக்க வேண்டும். "மான் ட்சோ, மான் ட்சோ" என்றார், மெதுவாகப் போங்கள். கதவு மூடுகிற நேரத்தில் அந்தச் சிவப்பு பிளாஸ்கை அவள் மடியில் வைத்துவிட்டார், வழியில் தாகமெடுக்குமாம்.

மொழியை இனி ஒழுங்காகப் படிக்கப் போகிறேன், ஞாயிறுதோறும், விலை கேட்கிற பாடத்தை விட்டுவிட்டு. வீசாட் செயலியில் ஆயி அனுப்புகிற குரல் செய்தி ஒவ்வொன்றும் முழு 60 விநாடி, ஷாவ்ஷிங் வட்டார வாடை அடிக்கிற சீனம், நாலு தரம் கேட்டால் பாதி புரிகிறது. இன்று காலை வந்ததில் "ச்சி ல மா" மட்டும் முதல் தரமே புரிந்தது, சாப்பிட்டாச்சா என்று.

தாத்தாவுக்கு வீடு திரும்ப இன்னும் பத்து நாளாவது ஆகும் என்றார்கள், அதனால் வருகிற வாரம் பிளாஸ்கைத் திருப்பிக் கொடுக்கப் போகிறேன். வெறும் பாத்திரமாகக் கொடுக்கக் கூடாது, கூடவே ஏதாவது வேண்டும் என்று அவள் படுத்தபடியே சொல்கிறாள். தேங்காய் பர்ஃபி என்கிறாள். இங்கே ஒரு பலகாரத்தைப் புகழ வேண்டுமென்றால் அதிகம் இனிப்பில்லை என்றுதான் சொல்வார்கள், பர்ஃபியை ஆயி தொட மாட்டார் என்கிறேன் நான். கடைசியில் முறுக்கு என்று முடிவாகியிருக்கிறது. கெச்சியாவில் யாரிடமாவது முறுக்கு அச்சு இருந்தால் சொல்லுங்கள், எங்களுடையது ஊரிலேயே தங்கிவிட்டது.