கண்ணும் கோடும்

தெலுக் இந்தான்

அன்புள்ள மணியம்,

கடிதம் கிடைத்தது. இங்கே மழை விட்டபாடில்லை, லோரிகள் சேற்றில் நிற்கின்றன.

குலைகளைத் தரம் பார்க்கும் உன் மண்டோர்கள் (மேற்பார்வையாளர்கள்) இருவரும் ஒரே செம்பனைக் குலையைப் பார்த்து ஒருவர் பழம், ஒருவர் காய் என்கிறார்கள், கண் கெட்டவர் யார் என்று கேட்டிருந்தாய். இரண்டு சங்கதிகளைக் குழப்புகிறாய். பிரித்துக் காணும் கூர்மை ஒன்று. சந்தேகம் வந்தால் எந்தப் பக்கம் சாய்வது என்ற கோடு வேறு. ரேடார்த் திரையில் குறி உண்டா இல்லையா என்று பிரிக்கும் கணக்கிலிருந்து ஆய்வாளர்கள் டேனரும் சுவெட்ஸும் 1954இல் மனிதப் பார்வைக்குக் கொண்டுவந்த முறை இவற்றைப் பிரித்துவிடும்.

பழம் உதிர்ந்த குழி 10ஆவது இருக்கும் குலை 100 எடு. மலேசியச் செம்பனை வாரியத்தின் தர விதியும் அதுதான். அதற்குக் குறைந்தவை 100. இவற்றைக் காய் என்றே வைத்துக்கொள்வோம். எண் போட்டுக் கலந்துவிடு. வெட்டிய அன்றே சோதி. ராத்திரி வைத்தால் பழம் உதிர்ந்து காயும் பழக்கணக்கில் ஏறிவிடும். 10 அடி தள்ளி நின்று, குலைக்கு 3 விநாடி. ஒருவர் சொல்வது மற்றவர் காதில் விழக்கூடாது.

நூறு பழத்தில் 84ஐயும், நூறு காயில் 16ஐயும் ஒருவர் பழம் என்கிறார் என்று வை. மற்றவர் 93, 31. சரியான விடை முதலாமவருக்கு 168, இரண்டாமவருக்கு 162; இரண்டாமவர் மட்டம் என்பாய். விகிதங்களைப் புள்ளியியல் புத்தகத்து நார்மல் அட்டவணையில் இசட் மதிப்பாக்கி (நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி என்ற அளவு), பழத்தின் இசட்டிலிருந்து காயினதைக் கழித்துப் பார்: 0.99லிருந்து −0.99, 1.48லிருந்து −0.50. இருவருக்கும் ஏறக்குறைய 2. கண் ஒன்றுதான்! அதே இசட்டுகளைக் கூட்டிப் பாதியாக்கிக் குறியை மாற்றினால் கோடு: ஒருவருக்கு 0, மற்றவருக்கு −0.49. அவர் தாராளமாகப் பழம் என்கிறார், அவ்வளவே. யாராவது நூற்றுக்கு நூறு வாங்கினால் இசட் எல்லையின்றி ஓடும்; எண்ணிக்கையோடு அரையும் மொத்தத்தோடு ஒன்றும் கூட்டிக்கொள்.

ஏச்சு வாங்கினாலே கோடு நகரும். காய்க்குக் கூலியில் பிடித்தம் என்றால் நல்ல பழத்தையும் மரத்திலேயே விட்டுவிடுவார்கள். அவசரப்படுத்தினால் கூர்மையே போகும்.

பாதிக்குப் பாதி கலந்த சோதனையை முழுக்க நம்பாதே. லோரியில் காய் அபூர்வம், அபூர்வமானது கண்ணில் தப்பும். கண்ணால் தேடுவதை ஆராய்ந்த ஊல்ஃப் குழுவின் 2005 ஆய்வில், தேடும் பொருள் பாதிப் படங்களில் இருந்தபோது 7 சதவீதம்தான் தவறியது. நூற்றில் ஒன்றில் மட்டும் இருந்தபோது 30. ஆகவே இடையிடையே காய் மிகுந்த சிறு குவியலைக் காட்டி, சரியா தப்பா என்று உடனே சொல்லிவிடு.

இருவரின் விடைத்தாளை அனுப்பு, கணக்கை நான் போட்டுத் தருகிறேன்.

அன்புடன்,
செல்வம்