உறங்க வைத்தது கல்லா, கையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். படுக்கும் முன் ஸ்படிகக் கற்களைக் கையில் வைத்திருப்பது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். கல்லில் இயல்பாகவே ஓர் அதிர்வு இருக்கிறதாம், அது நம் உடலின் அதிர்வோடு சேர்ந்து உறக்கத்தைக் கொண்டுவருமாம். அந்த இடம் வந்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டேன். மற்றவர்கள் அதைப் படித்துவிட்டு அடுத்த பத்திக்குப் போயிருப்பார்கள். நான் நாற்பத்தோர் ஆண்டுகள் கைக்கடிகாரம் பழுதுபார்த்துப் பிழைத்தவன். ஸ்படிகத்தின் அதிர்வைப் பற்றி யாராவது எதையாவது சொன்னால் என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது.

குவார்ட்ஸ் கடிகாரத்தின் பின்மூடியைத் திறந்தால் பாட்டரிக்குப் பக்கத்தில் நெல்மணியைப் போல ஒரு சிறு உலோகக் குப்பி தெரியும். உள்ளே இருப்பது ஸ்படிகம்தான், குவார்ட்ஸ் என்பது அதன் ஆங்கிலப் பெயர். இசைக்கவை வடிவில் மயிரிழை பிசகாமல் வெட்டிய ஸ்படிகம். மின்சாரம் கிடைத்தால் அது நொடிக்கு 32,768 முறை அதிரும். அந்த எண்ணைப் பதினைந்து தடவை பாதியாக்கிக்கொண்டே போனால் ஒன்று வரும். அந்த ஒன்றுதான் நொடிமுள்ளின் ஒரு துள்ளல். ஸ்படிகத்தை அழுத்தினால் மின்னேற்றம் பிறக்கும் என்று 1880-இல் ஜாக் கியூரியும் அவர் தம்பி பியரி கியூரியும் கண்டறிந்தார்கள். மின்சாரம் கொடுத்தால் ஸ்படிகம் அசையும் என்ற அதன் மறுபக்கத்தைத்தான் கடிகாரம் பயன்படுத்திக்கொள்கிறது. 1969-இல் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரம் விற்பனைக்கு வந்தது. அதன்பின் சாவி கொடுக்கும் கடிகாரங்களை நம்பியிருந்தவர்களின் பிழைப்பு என்ன ஆனது என்பது தனிக் கதை, இங்கே வேண்டாம். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்: பாட்டரி தீர்ந்தால் அதிர்வும் நின்றுவிடும். முள் நின்றுபோன கடிகாரத்தை நீட்டியவர்களுக்கு நான் முதலில் சொல்லும் பதிலே அதுதான். தலையணைக்குப் பக்கத்தில் கிடக்கும் கல்லுக்கு யார் பாட்டரி போட்டார்கள்?

இப்படி எழுதுவதால் என்னைக் கல்லுக்கு எதிரி என்று நினைத்துவிட வேண்டாம். பதினான்கு மாதங்களாக இரவு தவறாமல் ஒரு செவ்வந்திக்கல்லை, அதாவது ஊதா நிற ஸ்படிகத்தை, பிடித்துக்கொண்டுதான் படுக்கிறேன்.

விரல்கள் நடுங்கத் தொடங்கியதால் தொழிலை விட்டேன். தொழிலை விட்ட கையோடு உறக்கமும் என்னை விட்டுப் போய்விட்டது. பகலெல்லாம் திருகாணியும் பல்சக்கரமுமாக இருந்த கைக்கு வேலை இல்லை. இரவில் அது தானாகவே போனைத் தேடிப் போகும். ஒரு செய்தி, அதற்குக் கீழே இன்னொரு செய்தி, யாரோ எங்கோ போட்ட சண்டை என்று கட்டைவிரல் தள்ளிக்கொண்டே இருக்கும். நிமிர்ந்தால் மணி இரண்டு. ஒரு நாள் என் மருமகள் கோழிமுட்டை அளவுள்ள ஊதாக்கல் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். "மாமா, இதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். போனை என்னிடம் கொடுத்துவிடுங்கள். காலையில் தருகிறேன்" என்றாள். கல்லைப் பற்றி அவள் வேறு எதுவும் சொல்லவில்லை.

பழக்கதோஷம், முதல் வேலையாகக் கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு பார்த்தேன். உள்ளே குமிழி இல்லை. ஊதா நிறம் ஒரே சீராக இல்லாமல், ஒரு பக்கம் அடர்ந்தும் மறுபக்கம் வெளிறியும், இடையில் கோணல் பட்டைகளாகவும் இருந்தது. ஸ்படிகத்தில் இரும்பு சிறிதளவு கலந்து, பூமிக்குள் இயற்கைக் கதிர்வீச்சும் பட்டால்தான் இந்த நிறம் வரும். நல்ல கல்தான். ஒரு பக்கம் மெருகேற்றியிருந்தார்கள். மறுபக்கத்தில் மட்டும் மெருகு படாத ஒரு விளிம்பு, சொரசொரப்பாக, நகத்தின் நீளத்துக்கு இருந்தது.

அந்த விளிம்புதான் எல்லாம் செய்தது. படுத்ததும் கட்டைவிரல் அதைக் கண்டுபிடித்துவிடும். மேலே போகும், கீழே வரும், ஓரத்தில் உள்ள ஒரு சிறு பள்ளத்தில் நிற்கும், திரும்பும். போனில் செய்துகொண்டிருந்த அதே தள்ளல்தான், ஆனால் இங்கே அடுத்த செய்தி வருவதில்லை. முதலில் கல் சில்லென்று இருக்கும். கண்ணாடியைவிட ஸ்படிகம் பல மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்துவதால் கையின் சூட்டை இழுத்துக்கொள்கிறது. ஏழெட்டு நிமிடங்களில் கல் கையின் சூட்டுக்கு வந்துவிடும். எது கல், எது உள்ளங்கை என்று பிரித்தறிய முடியாத ஒரு நிலை அது. பிறகு கல்லை அடுத்த கைக்கு மாற்றுவேன். மூன்றாவது தடவை மாற்றியது நினைவில் இருப்பதில்லை.

இது முதல் நாளே நடக்கவில்லை. முதல் பத்து நாள்கள் கல்லும் நானும் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தோம். உறக்கம் வராவிட்டால் புரண்டுகொண்டிராமல் இருபது நிமிடங்களில் எழுந்துவிட வேண்டும், மங்கிய வெளிச்சத்தில் அமைதியாக உட்கார்ந்திருந்துவிட்டுக் கண் சொருகும்போது மட்டும் திரும்ப வேண்டும் என்று ஒரு மருத்துவர் சொல்லிக்கொடுத்தார். படுக்கை என்றால் உறக்கம் என்று உடம்புக்குப் புரிய வைக்கும் இந்த முறையை ரிச்சர்ட் பூட்சின் என்ற அமெரிக்க உளவியலாளர் 1972-லேயே வகுத்திருக்கிறார். அதையும் கடைப்பிடித்தேன். ஆகவே என் உறக்கத்தின் பெருமையை முழுவதுமாகக் கல்லுக்கே எழுதிக் கொடுத்துவிட முடியாது. கண்ணருகே எரிந்த போன் வெளிச்சம் போனது, படுக்கும் நேரம் ஒழுங்குக்கு வந்தது, கைக்கு ஒரு வேலை கிடைத்தது. தினமும் ஒரே வரிசையில் நடக்கும் சின்னச் சின்னச் செயல்களே உறக்கத்தைக் கூட்டி வரும் என்பது குழந்தைகளிடம் தெளிவாகத் தெரிகிறது. 2009-இல் ஜோடி மிண்டெல் என்ற உறக்க ஆய்வாளரின் குழுவினர் 405 தாய்மார்களையும் அவர்களுடைய சிறு குழந்தைகளையும் வைத்து ஆராய்ந்தார்கள். குளியல், உடம்பைத் தடவிக்கொடுத்தல், அமைதியான ஏதோ ஒன்று, பிறகு விளக்கணைப்பு. இந்த வரிசையைப் பின்பற்றிய வீடுகளில் குழந்தைகள் விரைவில் உறங்கினார்கள், இரவில் விழிப்பதும் குறைந்தது. அந்த வரிசையில் கல் எதுவும் கிடையாது.

என் பேத்தியின் கல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். தாத்தாவுக்கு மட்டும் கல்லா என்று அடம்பிடித்து, ஒன்பது வயதுக்காரி தனக்கும் ஒன்று வாங்கிக்கொண்டாள். இளஞ்சிவப்பு நிறத்தில், இதய வடிவில், ரோஸ் குவார்ட்ஸ் என்று சீட்டு ஒட்டியது. இருட்டைக் கண்டு பயந்து அம்மாவின் அறைக்கு ஓடிக்கொண்டிருந்தவள், அதைப் பிடித்துக்கொண்டு ஒரு மாதம் தன் கட்டிலிலேயே உறங்கினாள். ஒரு மாலை அதையும் லென்ஸில் பார்த்தேன். உள்ளே உருண்டையாக மூன்று குமிழிகள். கல்லே இல்லை, வார்த்த கண்ணாடி.

சொல்வதா வேண்டாமா என்று இரண்டு நாள்கள் யோசித்தேன். லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியின் உளவியலாளர் கிறிஸ்டோபர் ஃபிரெஞ்ச் செய்த சோதனை அப்போது நினைவுக்கு வந்தது. அதன் முடிவை அவர் 2001-இல் வெளியிட்டார். 80 பேரில் சிலருக்கு உண்மையான ஸ்படிகம், சிலருக்குப் போலி. யாரிடம் எது இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. கையில் ஏதோ கூச்செறிவதாகவும் வெதுவெதுப்பு பரவுவதாகவும் இரு தரப்பினரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள். என் பேத்தி அதைத் தன் கட்டிலிலேயே செய்து காட்டிவிட்டாள்.

மூன்றாம் நாள் அவளிடமே லென்ஸைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். "இது கண்ணாடி. கல்லுக்குள் இப்படிக் குமிழி இருக்காது" என்றேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "உள்ளே யாரோ மூச்சு விட்டிருக்கிறார்கள், தாத்தா" என்றாள். அன்று இரவும் அதை வைத்துக்கொண்டுதான் உறங்கினாள். மறுநாளும் அப்படியே.

என் வழக்கு இதுதான், ஐயா. உண்மையைச் சொன்னால் பயன் போய்விடும் என்று கட்டுரையாளர்கள் அஞ்சுகிறார்கள் போலும். 2010-இல் டெட் காப்சக் என்ற அமெரிக்க ஆய்வாளரின் குழுவினர் குடல் எரிச்சல் நோய் உள்ள 80 பேரில் ஒரு சாராருக்கு மருந்தே இல்லாத மாத்திரையைக் கொடுத்தார்கள். இதில் மருந்து இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லியே கொடுத்தார்கள். மூன்று வாரத்தில் அவர்களில் 59 சதவீதத்தினர் போதிய நிவாரணம் கிடைத்ததாகச் சொன்னார்கள். எதுவும் பெறாதவர்களில் அப்படிச் சொன்னவர்கள் 35 சதவீதம். அது வயிற்று உபாதை, இது உறக்கம்; இரண்டையும் ஒன்றாக்கவில்லை. ஆனாலும் கல்லுக்குச் சக்தி உண்டு என்று கதை கட்டாமலேயே, 'இது கைக்கு ஒரு வேலை, கண்ணுக்கு ஓர் ஓய்வு' என்று எழுதியிருக்கலாம். அப்படி எழுதினால் விலை உயர்ந்த கல்லைத் தேடி யாரும் அலைய மாட்டார்கள், வீட்டுத் தோட்டத்தில் கிடக்கும் கூழாங்கல்லே போதும் என்று தெரிந்துவிடும். ஒருவேளை அதுதான் சிக்கலோ என்னவோ.

கட்டுரையில் மூன்று இடங்கள் ஆபத்தானவை. அவற்றை மட்டுமாவது திருத்தி வெளியிட வேண்டுகிறேன். எல்லாக் கற்களையும் வாரம் ஒருமுறை உப்பு நீரில் ஊறவைக்கச் சொல்லியிருக்கிறீர்கள். பட்டியலில் உள்ள செலினைட் ஜிப்சத்தின் ஒரு வகை. நகத்தால் கீறினாலே கோடு விழும். நீரில் சிறிது சிறிதாகக் கரையும், மெருகு போய்விடும். பகலில் கற்களை ஜன்னலோரம் வெயிலில் வைக்கவும் சொல்லியிருக்கிறீர்கள். வெயிலில் தொடர்ந்து கிடந்தால் செவ்வந்திக்கல் வெளிறும். அதைவிட, தெளிந்த ஸ்படிக உருண்டை பூதக்கண்ணாடியைப் போல வெயிலைக் குவித்துத் திரைச்சீலையைப் பற்ற வைத்துவிடும். மூன்றாவது, கைக்குழந்தைகளின் தொட்டிலில் சிறு கற்களைப் போட்டு வைக்கலாம் என்ற யோசனை. வாயில் போட்டால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். அந்த வரியை எந்த விளக்கமும் இல்லாமல் நீக்கிவிடலாம்.

உறக்கமின்மை வாரத்தில் மூன்று இரவுகளாவது, மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தாலோ, குறட்டையின் நடுவே மூச்சு நின்று நின்று வந்தாலோ மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று ஒரு வரியும் சேர்த்தால் நல்லது. கட்டுரை முழுவதையும் இரண்டு தடவை தேடினேன், அப்படி ஒன்று அதில் இல்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கைக்கடிகாரப் பழுதுபார்ப்பாளர்