திரைச்சீலை வாங்கும் முன் கம்பியைப் பாருங்கள்

ஆசிரியருக்கு,

வீட்டு அலங்காரப் பக்கங்களில் எந்தச் சுவருக்கு எந்த நிறத் திரை பொருந்தும் என்றுதான் எப்போதும் எழுதுகிறீர்கள், அதைத் தாங்கும் கம்பியைப் பற்றி ஒரு வரி கூட வருவதில்லை. கடைக்காரர்களும் சலிக்காமல் துணியைப் பிரித்துக் காட்டுவார்கள், கம்பி என்றதும் கைக்குக் கிடைத்த மெல்லிய குழாயை எடுத்து நீட்டிவிடுவார்கள். ஆறடிக்கு மேல் போனால் நடுவிலும் ஒரு தாங்கி வேண்டும், இல்லாவிட்டால் கனமான துணிக்குக் கம்பி வளைந்து வளையங்கள் எல்லாம் நடுவில் வந்து குவியும். திருகாணி சிமெண்ட் பூச்சோடு நின்றுவிடாமல் செங்கல் வரை இறங்க வேண்டும், பிள்ளைகள் திரையைப் பிடித்துத் தொங்கும் வீடென்றால் கேட்கவே வேண்டாம்.

அப்புறம் அளவு. கம்பி ஜன்னலுக்கு இருபுறமும் அரை அடியாவது நீண்டிருந்தால்தான் திரையை முழுதாக ஒதுக்கிக் காற்று வாங்க முடியும். துணியின் அகலம் கம்பியைப் போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வேண்டும், குறைந்தால் மடிப்பே விழாது, வேட்டியைக் காயப்போட்ட மாதிரி தட்டையாகத் தொங்கும். பருத்தி என்றால் நனைத்துக் காயவைத்த பிறகு தைக்கக் கொடுங்கள், முதல் சலவையிலேயே சுருங்கும்.

மேற்கு வெயில் அடிக்கும் ஜன்னலுக்கு உள்துணி வைத்துத் தைப்பது நல்லது. கரூரிலிருந்து வெளிநாடுகளுக்கெல்லாம் திரைச்சீலை போகிறது, நம் கடைகளிலோ இன்னும் ஐந்தடி, ஏழடி, ஒன்பதடி என்ற ஆயத்த உயரங்கள்தான். ஆறடி ஜன்னல்காரர் என்னதான் செய்வார்?

இப்படிக்கு,
ஒரு வாசகி, மதுரை