வக்கீலின் கூலி: மகளுக்கு ஒரு கடிதம்

பாளையங்கோட்டை,
ஆவணி மாதம்.

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மையும் ஆச்சியும் நலம். ஆடிக் கொடைக்கு வந்திருந்தபோது, எல்லோரும் சாப்பிட்டு முடித்துத் திண்ணையில் உட்கார்ந்திருந்த அந்த இரவில் நீ கேட்ட கேள்வி இத்தனை நாளாக என் மனத்தை விட்டு அகலவில்லை. அண்ணன் பெங்களூரில் தனக்குக் கிடைத்த சம்பள உயர்வைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். நீ அப்போது ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, அவன் எழுந்து போன பிறகு என்னிடம் மட்டும், "அஞ்சு வருசம் சட்டம் படிச்சு, ரெண்டரை வருசம் ஐகோர்ட்டுல நின்னவளுக்கு மாசம் பத்தாயிரந்தானாப்பா மதிப்பு?" என்று கேட்டாய். பொறுமையாக இரு, வக்கீல் தொழில் அப்படித்தான், காலம் வரும் என்று நான் சொன்னேன். நான் வக்கீல் குமாஸ்தாவாக இருந்த 36 ஆண்டுகளில் எத்தனையோ ஜூனியர்களுக்கு எத்தனையோ பெரியவர்கள் சொல்லக் கேட்ட அதே பதிலைத்தான் உனக்கும் சொன்னேன் என்பது மறுநாள் நீ ரயில் ஏறிய பிறகுதான் எனக்கு உறைத்தது. அது சரியான பதில் அல்ல. சரியென்று எனக்குப் படுவதை இதில் எழுதுகிறேன்.

வக்கீல்கள் மற்றத் தொழில்காரர்களோடு ஒப்பிட்டால் நியாயமான ஊதியம் பெறுகிறார்களா என்று கேட்டால், ஊரில் பத்துப் பேரில் ஒன்பது பேர் அவர்கள் கொள்ளை அடிக்கிறார்கள் என்றே சொல்வார்கள். வழக்குக் கட்டுத் தூக்கி, வாய்தா குறித்து, நகல் மனுப் போட்டு, பிராது நம்பர் ஆகும் வரை அலைந்த எனக்குத் தெரிந்த கணக்கு வேறு. நாங்குநேரிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பாகப்பிரிவினை வழக்கின் கணக்கை என் பழைய டைரியிலிருந்து எடுத்து எழுதுகிறேன். 1998-இல் வழக்குப் போட்டபோது பேசிய பீஸ் 15,000 ரூபாய். முதலில் பாதி, விசாரணை தொடங்கும்போது மீதி என்று ஏற்பாடு. வழக்கு ஒன்பது ஆண்டு நடந்தது. எதிர்த் தரப்பில் ஒருவர் இறந்து வாரிசுகளைச் சேர்க்க ஒன்றரை ஆண்டு, கோர்ட்டு நியமித்த கமிஷனர் போய் நிலத்தை அளந்து அறிக்கை கொடுக்க ஓராண்டு என்று நீண்டு, ஆக மொத்தம் 112 வாய்தா. தீர்ப்பு நமக்குச் சாதகமாக வந்த பிறகு, வழக்குப் போட்ட நம் கட்சிக்காரர் மீதிப் பணத்தில் 4,000 ரூபாயைக் கடைசி வரை கொடுக்கவே இல்லை. வந்தது 11,000 ரூபாய்; வாய்தா ஒன்றுக்கு நூறு ரூபாய்கூடத் தேறவில்லை. அதே ஆண்டுகளில் நம் வீட்டு மாடிப்படி கட்ட வந்த கொத்தனாருக்கு நாள் ஒன்றுக்கு அதைவிடக் கூடுதலாகவே நான் கூலி கொடுத்தேன், அதுவும் அன்று சாயங்காலமே. ஆனாலும் ஒரு நாளில் வக்கீல் ஐயாவுக்கு அந்த ஒரு வழக்கு மட்டும் இல்லை என்பதையும் நான் மறைக்கக் கூடாது. எட்டுப் பத்து வழக்குகள் இருக்கும். எல்லாவற்றையும் சேர்த்து அவர் வீடு கட்டினார், பிள்ளைகளை நன்றாகப் படிக்க வைத்தார்.

கட்சிக்காரர் பக்கத்தில் நின்று பார்த்தால் இதே கணக்கு வேறு மாதிரி தெரியும். ஒரு லட்ச ரூபாய்ப் புரோநோட்டு வழக்குப் போட வருகிறவர், அந்தக் காலத்தில் நூற்றுக்கு ஏழரை வீதம் 7,500 ரூபாய் கோர்ட்டுக் கட்டணமே கட்ட வேண்டியிருந்தது. 2017-இல் அதை நூற்றுக்கு மூன்றாகக் குறைத்தார்கள். அந்த 7,500 ரூபாய் அரசாங்கத்துக்குப் போனது என்பது அவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது. ஸ்டாம்புச் செலவு, சம்மன் அனுப்பக் கட்டும் பிராசஸ் கட்டணம், டைப் செலவு, பத்துக்கு ஒன்று என்று எங்கள் ஆபீசில் வழக்கமாக இருந்த குமாஸ்தா பீஸ், எல்லாம் சேர்ந்து 'வக்கீலுக்குக் கொடுத்தது' என்ற ஒரே கணக்கில்தான் அவர்கள் மனத்தில் ஏறும். ஐகோர்ட்டு அப்பீல் என்றால் இன்னும் மோசம். 2004 ஜூலை 24-இல் ஐகோர்ட்டின் மதுரைக் கிளை வரும் வரை, நம் மாவட்டத்துக்காரர்கள் ஒவ்வொன்றுக்கும் ராத்திரி ரயில் ஏறிச் சென்னைக்குப் போக வேண்டியிருந்தது. அந்தச் செலவும் அதே கணக்கில்தான் சேர்ந்தது. நாங்களும் விளக்கியதில்லை. எதற்கு எவ்வளவு என்று தனித்தனியே எழுதி ரசீது கொடுக்கும் வழக்கம் எங்கள் ஆபீசில் இல்லை. பணத்தை வாங்கி எண்ணியவன் என்ற முறையில் அது என் குறையும்தான். ஓய்வு பெற்ற பிறகு அதை நினைத்து நான் பலமுறை வருந்தியிருக்கிறேன்.

அதைவிடக் கனமான ஒன்றும் உண்டு. விபத்து நஷ்டஈட்டு வழக்குகளில் கிடைக்கிற தொகையில் இத்தனை பங்கு என்று பேசுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். வழக்கின் முடிவைப் பொறுத்துப் பீஸ் பேசக் கூடாது, கிடைப்பதில் பங்கு கேட்கக் கூடாது என்று, வக்கீல்களை ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சிலின் விதி தெளிவாகச் சொல்கிறது. தெலங்கானாவில் விபத்தில் கணவரை இழந்த ஒரு பெண்ணிடம் நஷ்டஈட்டுத் தொகையின் விகிதப்படி பீஸ் கேட்டு, காசோலையும் எழுதி வாங்கிய வழக்கில், அப்படிக் கேட்பது சட்டத்துக்கும் பொது நெறிக்கும் விரோதம் என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் சொன்னது. செத்துப்போன கணவரின் விலையில் பங்கு கேட்பதை எந்த வாதத்தாலும் நியாயப்படுத்த முடியாது. வாய்தாவுக்கு நூறு ரூபாய் தேறாத வழக்கை ஒன்பது ஆண்டு நடத்தியவரும் வக்கீல்தான், இதைச் செய்தவரும் வக்கீல்தான். அதனால்தான் 'வக்கீல்கள்' என்று மொத்தமாகப் பேசி நியாயம் பார்க்க முடியாது என்று நான் நினைக்கிறேன். டெல்லியில் ஒரு முறை எழுந்து நின்று பேசுவதற்கே பல லட்சம் வாங்குகிறவர்களையும் உன்னையும் கூட்டிச் சராசரி பார்த்தால் யாருக்கும் ஒன்றும் விளங்காது.

உன் நிலையை மட்டும் எடுத்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவர்களோடு வைத்துப் பார்க்கிறேன். நீ போய் நிற்கிற நீதிமன்றங்களில், மேடையில் இருக்கும் சிவில் நீதிபதி புதிதாக வேலைக்கு வந்தவராக இருந்தாலும் அவருடைய தொடக்க அடிப்படைச் சம்பளம் 77,840 ரூபாய். வாசலில் பெயர் சொல்லிக் கூப்பிடும் அலுவலக உதவியாளருக்கு அடிப்படைச் சம்பளம் 15,700 ரூபாயில் தொடங்குகிறது, அகவிலைப்படி தனி. அது அவர் உழைப்புக்கு உரியது, அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. எம்.பி.பி.எஸ். முடித்துப் பயிற்சியில் இருக்கும் பிள்ளைக்கு உதவித்தொகை உண்டு. ஆடிட்டரிடம் பயிற்சிக்குப் போகும் பிள்ளைக்கு இத்தனைக்குக் குறையாமல் தர வேண்டும் என்று அவர்கள் சங்கமே விதி வைத்திருக்கிறது. முக்கூடலில் வீட்டுத் திண்ணையில் பீடி சுற்றும் பெண்ணின் கூலி மிகக் குறைவுதான் என்றாலும், ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று ஒரு கணக்கு இருக்கிறது. குறைத்துக் கொடுத்தால் கேட்பதற்குச் சங்கம் இருக்கிறது. ஜூனியர் வக்கீலுக்கு மட்டும் சீனியரின் மனம்தான் கணக்கு.

இதை அநியாயம் என்று நான் சொல்வதற்கு ஒரே ஒரு காரணம்தான் உண்டு, அதை நீ நன்றாக யோசித்துப் பார்க்க வேண்டும். தொழில் செய்துகொண்டே வேறு வியாபாரம் நடத்தக் கூடாது. முழுநேரச் சம்பள வேலைக்குப் போகக் கூடாது. விளம்பரம் செய்து கட்சிக்காரரைத் தேடக் கூடாது. பீஸ் வரவில்லை என்பதற்காகக் கட்டைத் திருப்பிக் கொடுக்காமல் வைத்துக்கொள்ளக் கூடாது. இவை எல்லாம் உங்களுக்கு இருக்கும் கட்டுப்பாடுகள், ஒவ்வொன்றும் நல்ல நோக்கத்தோடு வைத்ததுதான், எடுத்துவிட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் உன் அண்ணனைப் போல வேறு கம்பெனிக்கு மாறிக்கொள்ளவோ, சாயங்காலம் ஒரு கடை வைத்து மேல்செலவைச் சரிக்கட்டவோ வழியில்லாமல் தன் பிள்ளைகளைக் கட்டிப் போடும் ஒரு தொழில், அவர்கள் காலூன்றும் வரை சோறு போடவும் கடமைப்பட்டது. கட்டுப்பாட்டை மட்டும் விதியில் எழுதிவிட்டுச் சோற்றை அவரவர் வீட்டுக்கு விட்டுவிடுவது முறையில்லை.

திருவல்லிக்கேணி விடுதிக்கு 6,500 ரூபாய் கட்டியது போக மீதியில் நீ மாதத்தை ஓட்ட முடியாது என்பதால்தான் நான் 5,000 ரூபாய் அனுப்புகிறேன். அதை வாங்கும்போதெல்லாம் உனக்குக் கூச்சமாக இருக்கிறது என்று அம்மையிடம் சொன்னாயாம். கூச்சப்பட வேண்டியவள் நீ இல்லை, தாயி. காலை எட்டு மணியிலிருந்து இரவு ஒன்பது வரை நீ செய்யும் வேலைக்கு உரிய கூலியில் ஒரு பகுதியைப் பாளையங்கோட்டையில் இருக்கும் ஓய்வு பெற்ற குமாஸ்தா ஒருவன் கொடுத்துக்கொண்டிருக்கிறான். அந்த 5,000 ரூபாய் உனக்கு வந்து சேர்ந்தாலும், உண்மையில் நான் தாங்கிக்கொண்டிருப்பது உன் சீனியரின் ஆபீஸ் செலவைத்தான். என்னால் முடிகிறது, தாங்குகிறேன். முடியாதவர் வீட்டில் என்ன நடக்கும்?

உன்னோடு திருநெல்வேலிச் சட்டக் கல்லூரியில் படித்த முக்கூடல் பெண்ணை நினைத்துப் பார். அவள் அம்மா பீடி சுற்றிப் படிக்க வைத்தாள். வக்கீலாகப் பதியும் கட்டணத்துக்குக் கம்மலை அடகு வைத்ததாக நீதான் என்னிடம் சொன்னாய். 1961-ஆம் ஆண்டு வக்கீல் சட்டத்தில் அந்தக் கட்டணம் 750 ரூபாய் என்றுதான் இருக்கிறது, தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் 125 ரூபாய். அதற்குமேல் ஆயிரக்கணக்கில் வாங்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் சொல்லும் முன்பே அவள் கட்டி முடித்துவிட்டாள். எட்டு மாதம் மாதத்துக்கு மூவாயிரம் ரூபாய்க்கு நின்று பார்த்துவிட்டு, இப்போது ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறாள். உங்கள் வகுப்பில் வழக்காடுவதில் அவள்தான் முதல் என்று நீ சொல்லியிருக்கிறாய். வீட்டில் வசதி உள்ளவர்கள் மட்டும் நிலைக்கக்கூடிய தொழிலாக இது ஆகிவிட்டால், பிறகு ஏழைக் கட்சிக்காரரின் பேச்சும் பயமும் தெரிந்த வக்கீல் எங்கிருந்து வருவார்? பெண்களுக்கு வருமானம் பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு என்று 1987-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. நகையை விற்றுப் பீஸ் கொண்டுவந்த பெண்களில் ஒருவருக்காவது அதை எடுத்துச் சொல்ல, அவள் போன்ற ஒருத்தி அன்று எங்கள் ஆபீசில் இருந்திருக்கலாம்.

இனி நீ செய்ய வேண்டியது. 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், சென்னை, மதுரை, கோவையில் ஜூனியர்களுக்கு மாதம் 20,000 ரூபாய்க்கும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாய்க்கும் குறையாமல் தர வேண்டும் என்று அறிவுறுத்தும்படி நம் மாநிலப் பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் இந்தியப் பார் கவுன்சிலும் நகரத்துக்கு 20,000, கிராமப்புறத்துக்கு 15,000 என்று பரிந்துரைத்தது. அந்த இரண்டையும் அச்செடுத்து எடுத்துக்கொண்டு போய் உன் சீனியரிடம் பேசு. பத்துக் கட்சிக்காரர்கள் காத்திருக்கும் நேரத்தில் வேண்டாம்; சனிக்கிழமை சாயங்காலம் கட்டுகளை அடுக்கி முடித்த பிறகு, மரியாதையாக, உட்கார்ந்து பேசு. கூலி கேட்பதைக் கௌரவக் குறைவாக நினைக்காதே. நம் பக்கத்து வக்கீல் வ.உ.சி. 1908-இல் தூத்துக்குடிக் கோரல் மில் தொழிலாளர்களோடு நின்று அவர்களுக்குச் சம்பள உயர்வு வாங்கிக் கொடுத்தார். பிறகு இதே திருநெல்வேலியில்தான் தண்டனை பெற்று, வக்கீல் தொழில் செய்யும் உரிமமான சன்னதையும் இழந்தார். வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதி அதைத் திரும்ப வாங்கிக் கொடுத்தபோது, நன்றிக்காகத் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார். உழைத்தவனுக்குக் கூலி கேட்டதும், பிழைப்பைத் திரும்பத் தந்தவரை மறவாமல் இருந்ததும் அந்த ஒரே மனிதர்தான்.

உன் சீனியர் பக்கத்தையும் நான் மறக்கவில்லை. அவரும் தம் சீனியரிடம் பல ஆண்டு சும்மாவே நின்றிருப்பார். இங்கே பாளையங்கோட்டையில் 15,000 கொடுக்கச் சொன்னால், அந்தத் தொகை தமக்கே மிஞ்சாத வக்கீல்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் போய்ச் சட்டம் பேசிப் பயனில்லை, அங்கே அரசுதான் கை கொடுக்க வேண்டும். இளம் வக்கீல்களுக்கு இரண்டு ஆண்டு மாதம் 3,000 ரூபாய் தரும் திட்டத்தை 2020-இல் தமிழக அரசு தொடங்கியது நல்ல தொடக்கம்தான், ஆனால் அந்தத் தொகையில் பாளையங்கோட்டையில்கூட ஒரு மாதம் ஓடாது. உன் சீனியரின் நிலை அப்படி இல்லை என்பது, அவர் ஆபீசில் நீங்கள் ஆறு பேர் வேலை செய்வதிலிருந்தே தெரிகிறது. அவர் மறுத்தால் கோபித்துக்கொண்டு வெளியேறாதே. எனக்கு எழுது, இரண்டு பேரும் சேர்ந்து யோசிப்போம். அடுத்த மாதமும் நான் பணம் அனுப்புவேன், அதை மறுக்காதே.

போன செவ்வாய்க்கிழமை பாபநாசம் போய்த் திரும்பும் வழியில் முக்கூடலில் இறங்கி அந்தப் பெண்ணையும் அவள் அம்மாவையும் பார்த்துவிட்டு வந்தேன். உன் சீனியர் ஆபீசில் என்ன ஆகிறது என்று தெரிந்தால் தனக்கும் சொல்லச் சொன்னாள். உன் புதிய போன் நம்பரை எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவாள், எடுத்துப் பேசு.

இப்படிக்கு,
உன் அப்பா.