தீவுப்பக்கம் போற சனத்துக்கு ஒரு அறிவித்தல் போர்ட் வையுங்கோ

ஆசிரியர் அவர்களுக்கு,

லீவு விட்டா கொழும்பில இருந்து வேன் பிடிச்சு யாழ்ப்பாணம் போற எங்கட சனம் தீவுப்பக்கம் எட்டிப் பாக்காம வாறதில்லை, ஆனா என்ன பாக்கினம் எண்டா பண்ணைப் பாலத்தால ஏறி ஒரே ஓட்டமா குறிகட்டுவான் இறங்குதுறை, வேனை அங்க விட்டிட்டு போட்டில நயினாதீவு, அம்மனைக் கும்பிட்டிட்டு வந்த ரோட்டாலயே திரும்பி வந்து தீவெல்லாம் பாத்தாச்சு எண்டுவினம். நெடுந்தீவுக்குப் போறது கொஞ்சப்பேர்தான், அதுவும் சோளகக் காத்து எழும்பினா போட்டில வயித்தைப் பிடிச்சுக்கொண்டு இருக்கவேணும்.

உண்மையில வடிவு அந்த ரோட்டிலதான் இருக்கு. வேலணையில இருந்து புங்குடுதீவு போற தாம்போதியில ரெண்டு பக்கமும் கடல், கம்பு நட்டு வலை கட்டியிருப்பாங்கள், ஒவ்வொரு கம்பிலயும் ஒரு நீர்க்காகம் செட்டையை விரிச்சுக் காயவிட்டுக்கொண்டு நிக்கும், இடுப்பளவு தண்ணியில ஒரு ஆள் கூடையோட நடந்து போவார். இதைப் பாக்க வேனை ஓரமா விடுவம் எண்டா இடமில்ல, நடு ரோட்டில நிப்பாட்டி செல்பி எடுக்கினம், பின்னால பஸ் வந்து ஹோர்ன் அடிக்குது!

திரும்பி வரேக்க ஊர்காவற்றுறைப் பக்கம் போனா அங்க இருந்து காரைநகருக்குப் பாதை, அதுதான் வாகனமும் ஆக்களும் ஏத்திற மிதவை, ஓடுது. 1658ல ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிட்ட இருந்து பிடிச்ச கடற்கோட்டை கடலுக்கு நடுவில நிக்கிறதைப் பாத்துக்கொண்டே அக்கரை போய், கசூரினா பீச்சில கால் நனைச்சிட்டு பொன்னாலைப் பாலத்தால யாழ்ப்பாணம் வந்திடலாம், போன ரோட்டால திரும்பத் தேவையே இல்ல.

ஆனா பாதை இண்டைக்கு ஓடுதோ இல்லையோ எண்டு போய் இறங்கினாத்தான் தெரியும். திருத்தவேலை எண்டு நிப்பாட்டியிருப்பாங்கள், போன பிறகு இறங்குதுறையில நிக்கிற தம்பிமார் சொல்லுவினம் "இண்டைக்கு இல்ல அக்கா, பண்ணையால சுத்திப் போங்கோ" எண்டு. எங்களுக்குப் பரவாயில்ல, ட்ரிப் வந்த ஆக்கள், பெற்றோலும் கொஞ்ச நேரமும்தான் நட்டம். அந்தப் பாதையை நம்பி ஒவ்வொரு நாளும் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போற சனம் என்ன செய்யும்?

கேக்கிறது பெரிசா ஒண்டுமில்ல. பண்ணையில ஒண்டு, வேலணை வங்களாவடிச் சந்தியில ஒண்டு, மூண்டு மொழியிலயும் ஒரு போர்ட் வையுங்கோ: பாதை இண்டைக்கு ஓடுதா, கடைசிப் பாதை எத்தினை மணிக்கு, எவ்வளவு பெரிய வாகனம் ஏத்துவினம். சோக்கால எழுதினாலும் காணும். தாம்போதி தொடங்கிற இடத்தில நாலு வாகனம் ஒதுங்க இடமும், பக்கத்தில பொம்பிளையள் போகக்கூடிய மாதிரி ஒரு டொய்லெட்டும் இருந்தா புண்ணியமாப் போகும். லஞ்ச் ஷீட்டைக் கடலுக்க எறியிற எங்கட கொழும்புச் சனத்துக்கு ஒரு குப்பைத்தொட்டியும் வேணும், அதையும் வெக்கத்தோட சேத்துச் சொல்லுறன்.

நயினை அம்மனுக்குக் கொடியேற முதல், சனம் கூடுற நேரத்துக்கு முன்னமே, பொறுப்பான ஆக்கள் இதைச் செய்தா நல்லம்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06