பெல்லோஷிப் பணம் டெல்லியில் மட்டும் நிற்பதில்லை: எங்கள் ஆய்வு நிறுவனத்துக்கு ஒரு திறந்த மடல்

இயக்குநர், பதிவாளர், நிதி அலுவலர் மூவருக்கும் வணக்கம்.

நிறுவனத்தின் பெயரைப் போடாமல்தான் எழுதுகிறேன். என் பெயரையும் போடவில்லை, காரணம் பின்னால் வரும். படிக்க ஆரம்பித்ததுமே இது நம் நிறுவனம்தான் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். வேறு பல்கலைக்கழகத்துக்காரர்களுக்கும் தங்களைப் பற்றித்தான் எழுதியிருக்கிறது என்று தோன்றினால் தோன்றட்டும்.

எங்களுக்கு மாதாமாதம் வர வேண்டிய ஆய்வு உதவித்தொகையான பெல்லோஷிப் ஏன் வரவில்லை என்று எந்த அறையில் போய்க் கேட்டாலும் "டெல்லியில இருந்து ரிலீஸ் ஆகலைப்பா" என்ற பதில்தான் கிடைக்கிறது. அதில் பாதி உண்மை இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி., மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையான டி.எஸ்.டி. இரண்டின் தாமதங்களும் ஊரறிந்தவை. 2019 ஜனவரியில் பி.எச்டி. ஆய்வு மாணவர்களான ஸ்காலர்கள் டெல்லியில் தெருவுக்கு வந்து போராடிய பிறகுதான் முதல் இரண்டு வருடத்துக்கான பெல்லோஷிப்பான ஜே.ஆர்.எஃப். மாதம் 25,000 ரூபாயிலிருந்து 31,000 ஆனது. அடுத்த உயர்வுக்கு 2023 வரை காத்திருந்து, இப்போது ஜே.ஆர்.எஃப். 37,000, அதற்கடுத்த வருடங்களுக்கான எஸ்.ஆர்.எஃப். 42,000 என்று நிற்கிறது. அந்தச் சண்டையை நாங்கள் அங்கே போட்டுக்கொள்கிறோம். நான் எழுத வந்தது மீதிப் பாதியைப் பற்றி, நம் வளாகத்துக்குள்ளேயே ஒரு மேசைக்கும் அடுத்த மேசைக்கும் நடுவில் நின்றுபோகும் பணத்தைப் பற்றி.

யு.ஜி.சி. பெல்லோஷிப் கனரா வங்கி வழியாக நேராக ஸ்காலரின் கணக்குக்கு வருகிறது. அதற்கு முன்னால், இவர் இந்த மாதம் இங்கே வேலை பார்த்தார் என்று பல்கலைக்கழகம் வங்கியின் தளத்தில் உறுதி செய்ய வேண்டும். மேக்கர் என்று ஒருவர் பதிவேற்றுவார், செக்கர் என்று இன்னொருவர் ஒப்புதல் தருவார். கணினியில் சில நிமிட வேலை. ஆனால் அந்த வேலை நடப்பதற்கு முன்னால் நம் வழக்கப்படி ஒரு காகித ஊர்வலம் போயாக வேண்டும்: வருகைச் சான்று, அதில் ஆய்வு வழிகாட்டியான கைடின் கையெழுத்து, துறைத்தலைவர் கையெழுத்து, முத்திரை, முகப்புக் கடிதம், தபால் பிரிவில் எண், அப்புறம்தான் செக்‌ஷன். கைடு நாக் தர மதிப்பீட்டு வேலையாக ஓடிக்கொண்டிருந்தால் ஒரு வாரம் போகும், துறைத்தலைவர் வெளியூருக்கு பி.எச்டி. வாய்மொழித் தேர்வான வைவா எடுக்கப் போயிருந்தால் இன்னும் சில நாள். மேக்கர் மருத்துவ விடுப்பில் போனால் அவருக்குப் பதிலாக யார் என்று கேட்டால் செக்‌ஷனில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். அந்த மாதம் டெல்லியில் பணம் தயாராக இருந்தாலும் நமக்கு வராது. ஹாஸ்டல் மெஸ் பில்லோ மாதம் தவறாமல் வந்துவிடுகிறது.

ஹாஸ்டலில் இடம் கிடைக்காதவருக்குப் பெல்லோஷிப்போடு தரும் வீட்டு வாடகைப்படியின் கதை இதைவிட அழகு. ஹாஸ்டலில் இடம் தரவில்லை என்று வார்டனிடம் சான்று வாங்கி வரச் சொல்கிறீர்கள். வார்டனிடம் போனால், "நீ இடம் கேட்டு விண்ணப்பமே போடலையே, இல்லைன்னு நான் எப்படி எழுதித் தர்றது?" என்கிறார். சரி, விண்ணப்பம் போடலாம் என்று போனால், ஸ்காலர்களுக்கு இந்த வருடம் விண்ணப்பம் வாங்குவதில்லை என்று அலுவலகத்தில் சொல்கிறார்கள். நான் மிகைப்படுத்துவதாகத் தோன்றினால் முதல் வருட ஸ்காலர் யாரையாவது கூப்பிட்டுக் கேட்டுப் பாருங்கள்.

ஜே.ஆர்.எஃப். ஆக இரண்டு வருடம் முடிந்ததும் எஸ்.ஆர்.எஃப். ஆக உயர்த்த ஒரு மதிப்பீட்டுக் குழு கூட வேண்டும், வெளியிலிருந்து ஒரு வல்லுநரும் வர வேண்டும். அவருக்குத் தேதி ஒத்துவரவில்லை, போக்குவரத்துப்படிக்கு ஒப்புதல் வரவில்லை என்று அது தள்ளிப்போகும் ஒவ்வொரு மாதமும் ஸ்காலர் கைக்கு 5,000 ரூபாய் குறைந்தே வருகிறது. வல்லுநர் காணொளியில் வந்தால் என்ன குறைந்துவிடும்? கொரோனா காலத்தில் வைவாவையே அப்படி நடத்தினோமே.

எனவே முதல் கோரிக்கை: மாத உறுதிப்பதிவுக்கு ஒரு தேதி வையுங்கள். 20ஆம் தேதி என்றால் 20ஆம் தேதி. கைடு ஊரில் இல்லையென்றால் மின்னஞ்சலில் அவர் ஒப்புதல் சொன்னால் போதும் என்று சுற்றறிக்கை விடுங்கள், மேக்கருக்கும் செக்கருக்கும் மாற்று ஆள் யார் என்று பெயர் போட்டு அறிவியுங்கள். இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை, யு.ஜி.சி.யிடம் அனுமதியும் கேட்க வேண்டாம்.

அடுத்தது கொஞ்சம் செலவு வைக்கும். டெல்லியில் உண்மையிலேயே பணம் நிற்கும் மாதங்களுக்காக ஒரு சுழல்நிதி வேண்டும். வெளி நிதியில் நடக்கும் புராஜெக்டுகளில் ஓவர்ஹெட் என்று நிறுவனத்துக்கு ஒரு பங்கு வருகிறது, அந்த வேலையில் பெரும்பகுதி எங்கள் கையால் நடப்பது. அதிலிருந்து ஒரு தொகையை ஒதுக்கி, பெல்லோஷிப் வராத மாதம் ஸ்காலருக்கு முன்பணமாகக் கொடுங்கள், நிலுவை வந்ததும் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கிக்கொண்டு ஓடிவிட்டால் என்ன செய்வது என்று நிதிப் பிரிவில் கேட்பார்கள், கேட்க வேண்டியதுதான். ஆனால் பாக்கி எதுவும் இல்லை என்ற நோ டியூஸ் சான்று இல்லாமல் இங்கே யாரும் ஆய்வேடான தீசிஸைக் கொடுக்க முடியாது. நூலகத்தில் ஒரு புத்தகம் பாக்கி என்றாலே விடமாட்டீர்கள், முன்பணத்தை மட்டும் விட்டுவிடப் போகிறீர்களா?

இவ்வளவு நேரம் பேசியது பெல்லோஷிப் உள்ளவர்களைப் பற்றி. இல்லாதவர்களும் இங்கே நிறையப் பேர். மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வின் பெல்லோஷிப் இல்லாத பி.எச்டி. ஸ்காலருக்கு மாதம் 8,000 ரூபாய் என்று ஒன்று உண்டு. 2015இல் அதையும் நிறுத்தப் பார்த்து, யு.ஜி.சி. வாசலில் மாணவர்கள் உட்கார்ந்த பிறகு கைவிட்டார்கள். மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கு அந்தத் திட்டமும் இல்லை. இவர்கள் காலையில் லேப், மாலையில் டியூஷன் என்று ஓடுகிறார்கள். பி.ஜி. செய்முறை வகுப்பைப் பார்த்துக்கொள், தேர்வுக்கு மேற்பார்வை போ, கருத்தரங்குக்கு வருபவரை ரயில் நிலையத்தில் போய் அழைத்து வா என்று எல்லாம் சொல்கிறீர்கள், அவர்களும் செய்கிறார்கள். வகுப்புக்கும் தேர்வுக்குமாவது மணிக்கணக்கில் மதிப்பூதியம் கொடுங்கள். ரயில் நிலையத்தை விட்டுவிடலாம், அது மரியாதைக்காக.

தீசிஸ் கொடுத்த பிறகு நடப்பதைச் சொல்ல வேண்டும், ஆட்கள் உடைந்துபோவது பெரும்பாலும் அப்போதுதான். கொடுத்த அன்றோடு பெல்லோஷிப் நின்றுவிடும். பட்டம் வைவா முடிந்த பிறகுதான். நடுவில் அவர் மாணவரும் இல்லை, டாக்டரும் இல்லை, பட்டம் கேட்கும் உதவிப் பேராசிரியர் வேலைக்கோ, பி.எச்டி.க்குப் பிந்தைய ஆய்வுப் பணியான போஸ்ட்டாக்குக்கோ விண்ணப்பித்தால் சான்று எங்கே என்கிறார்கள். சமர்ப்பித்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மதிப்பீட்டை முடிக்க வேண்டும் என்று 2022 யு.ஜி.சி. விதிமுறையே சொல்கிறது. இங்கே ஆறு மாதத்தில் தேர்வாளர் பட்டியலே முடிவாகாத தீசிஸ்கள் இருக்கின்றன. வெளிநாட்டுத் தேர்வாளர் பதில் போடாவிட்டால் நினைவூட்டல் அனுப்ப வேண்டியது யார் வேலை என்று யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள், ஸ்காலர் நேரடியாக எழுதவும் கூடாது. தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் ஒரு தாள் ஒட்டினால் போதும், எந்தத் தீசிஸ் எந்தக் கட்டத்தில் எந்தத் தேதியிலிருந்து நிற்கிறது என்று, பெயர்கூட வேண்டாம், பதிவு எண் போடுங்கள். தேர்வாளர்கள் யார் என்ற ரகசியம் அதனால் கெடாது. எதனால் தாமதம் என்பது மட்டும் வெளியே தெரியும்.

வெளி நிதிப் புராஜெக்டில் அது முடியும்வரை வேலை பார்க்கும் புராஜெக்ட் ஃபெல்லோக்கள் நிலை வேறு மாதிரி. புராஜெக்ட் முடியும் நாளில் அடையாள அட்டை போகும், மின்னஞ்சல் போகும், நூலக நுழைவும் போகும். ஆனால் அவர் எழுதிய கட்டுரைக்கு ஆய்விதழுக்காக அதை மதிப்பிடும் ரெஃப்ரியின் கேள்விகள் சில மாதம் கழித்து வரும், பதில் எழுத வேண்டியது அவர்தான், கட்டுரை வெளியானால் நிறுவனத்தின் கணக்கில்தான் ஏறும். ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்துக்கு மத்திய அரசு மூன்று வருடத்துக்கு 6,000 கோடி ஒதுக்கி, ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்களைக் கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறது. அதைப் படிக்க நிறுவனத்தின் லாகின் வேண்டும். புராஜெக்ட் முடிந்து ஒரு வருடம் வரை அந்த லாகினையாவது விட்டுவையுங்கள்.

பெண் ஸ்காலர்களுக்கு 240 நாள் மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பு விதியில் இருக்கிறது. இருந்தும், கேட்கும் பெண்ணிடம் "புராஜெக்ட் என்னம்மா ஆகிறது?" என்று கேட்கும் வழக்கம் நிற்கவில்லை. விண்ணப்பத்தை நிறுவன அலுவலகமே நேராக வாங்கிக்கொண்டால் அந்தக் கேள்விக்கு இடமில்லாமல் போகும்.

இனி, பெயர் போடாததற்குக் காரணம். என் கைடு நல்ல மனிதர், அவரைப் பற்றி எனக்குக் குறையில்லை. ஆனால் எல்லோருக்கும் அப்படி வாய்ப்பதில்லை. வருகைச் சான்று, பரிந்துரைக் கடிதம், கட்டுரையில் பெயர் வரும் வரிசை, தீசிஸ் கொடுக்கும் தேதி எல்லாமே ஒரே ஆளின் கையில் இருக்கும் இடத்தில் யார் வாய் திறப்பார்கள்? ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆய்வு ஆலோசனைக் குழு முன்னால் நிற்கிறோம், முன்னேற்றம் எப்படி என்று கேட்கிறார்கள், அந்தக் குழுவைக் கூட்டுபவரே கைடுதான். அவரைப் பற்றி ஒரு பிரச்சினை என்றால் அவர் முன்னாலேயே சொல்ல வேண்டும். கூட்டம் முடிந்ததும் கைடு வெளியே போய், ஸ்காலர் மட்டும் குழுவோடு பத்து நிமிடம் பேச வழி செய்யுங்கள். பெரும்பாலும் ஒன்றும் சொல்ல இருக்காது. ஒருவர் இருவருக்கு இருக்கும்.

அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தின் பொருள்நிரலில் மாத உறுதிப்பதிவு, சுழல்நிதி, தீசிஸ் நிலவரப் பட்டியல் மூன்றையும் சேருங்கள். ஸ்காலர்களிலிருந்து இரண்டு பேரைக் கூப்பிடுங்கள், ஒருவர் பெல்லோஷிப் இல்லாதவராக இருக்கட்டும். எந்த மாதம் எந்த மேசையில் எத்தனை நாள் நின்றது என்ற கணக்கை நாங்களே எடுத்து வருகிறோம். கூட்டம் வேலை நாளில், காலை நேரத்தில் இருந்தால் நல்லது, மாலையில் பாதிப் பேருக்கு டியூஷன் இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் ஸ்காலர்களில் ஒருவர்